300 மணி நேர பேட்டரி 47 டைவில் தீர்ந்தது ஏன்?

காரைக்குடித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கடலுக்குள் டைவ் போகும்போது காற்று டேங்கின் அழுத்தத்தைக் கையிலிருக்கும் டைவ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வயர்லெஸ் டேங்க் டிரான்ஸ்மிட்டர் வாங்கி ஒரு வருஷம் ஆகிறதாம். பேட்டரி 300 மணி நேரம் வரும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. இதுவரை 47 டைவ்தான் போயிருக்கிறார், ஒவ்வொன்றும் சுமார் 50 நிமிடம். அதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. கருவியில் கோளாறா, கடைக்காரர் போலி பேட்டரியைத் தலையில் கட்டிவிட்டாரா என்பது கேள்வி. கூடவே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "காலையில் படகு சீக்கிரம் கிளம்பும் என்பதால் சாயங்காலமே டேங்கில் கியரைப் பூட்டி, வால்வைத் திறந்து சரிபார்த்து, மறக்காமல் மூடிவிட்டுத்தான் தூங்கப் போவேன்."

தம்பி, பதில் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. கருவி அநேகமாக நன்றாகவே இருக்கும். வால்வை மூடினீர்கள், டேங்கிலிருந்து வாய்க்குக் காற்றைக் கொண்டுவரும் ரெகுலேட்டரில் நின்ற காற்றை வெளியேற்றவில்லை. அதுதான் நடந்தது.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ரெகுலேட்டரில் டேங்க் வால்வோடு சேரும் பகுதிதான் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். டிரான்ஸ்மிட்டர் அதன் ஹை பிரஷர் போர்ட்டில் (டேங்க் அழுத்தம் நேராக வரும் துளையில்) திருகப்பட்டிருக்கும் ஒரு சின்னக் குப்பி. அதற்கு ஆன்-ஆஃப் சுவிட்ச் கிடையாது, அழுத்தம்தான் சுவிட்ச். போர்ட்டில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அழுத்தம் ஏறினால் விழித்துக்கொள்ளும். சில வகைகள் 8 பார் (பார் என்பது அழுத்த அலகு) அளவில் விழிக்கும், சில 15 பாரில். அழுத்தம் நன்றாக இறங்கிய பிறகுதான், அதுவும் ஓரிரு நிமிடம் கழித்து, தூங்கப் போகும். தண்ணீருக்குள் இருக்கிறோமா, படகில் இருக்கிறோமா, ரிசார்ட் வராந்தாவில் கிடக்கிறோமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. போர்ட்டில் 200 பார் நிற்கிறது என்றால் அதன் கணக்கில் டைவ் நடந்துகொண்டிருக்கிறது.

சிலிண்டர் வால்வை மூடியதும் டேங்குக்கும் ரெகுலேட்டருக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஆனால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் சிக்கிய காற்று எங்கே போகும்? வாயில் கவ்வும் செகண்ட் ஸ்டேஜில் பர்ஜ் பட்டனை (காற்றைத் திறந்துவிடும் பட்டன்) அழுத்தி வெளியேற்றும் வரை அங்கேயே, கிட்டத்தட்ட டேங்க் அழுத்தத்திலேயே நிற்கும். நல்ல சர்வீஸில் இருக்கிற, எங்கேயும் கசியாத ரெகுலேட்டர் என்றால் விடியும் வரை நிற்கும். கசிகிற ரெகுலேட்டராக இருந்தால் நள்ளிரவுக்குள் அழுத்தம் இறங்கி டிரான்ஸ்மிட்டர் தானே அணைந்திருக்கும். உங்கள் ரெகுலேட்டர் நல்ல நிலையில் இருந்ததால்தான் பேட்டரி ராத்திரி முழுக்க உழைத்திருக்கிறது.

இப்போது கணக்கு. 47 டைவ், தலைக்கு 50 நிமிடம் என்றால் 39 மணி நேரம். நாளுக்கு இரண்டு, மூன்று டைவ் என்று வைத்தால் சுமார் 20 நாள் கடலுக்குப் போயிருப்பீர்கள். கியரைத் திறந்துவைத்துப் படகில் காத்திருப்பது, இடம் போய்ச் சேருவது, இறங்குவதற்கு முன் ஒருவரையொருவர் சரிபார்ப்பது எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போட்டால் 30 மணி. ஆக 69. மீதி எங்கே? மாலை ஆறு மணிக்குப் பூட்டி, காலை ஏழு மணிக்கு மறுபடி கையில் எடுக்கிறீர்கள் என்றால் ஒரு ராத்திரிக்கு 13 மணி. அப்படி 18 ராத்திரி என்றால் 234. கூட்டிப் பாருங்கள், 303 வருகிறது. நாள், மணி எல்லாம் என் யூகம்தான், உங்கள் லாக் புக்கை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனாலும் கையேடு பொய் சொல்லவில்லை என்பது புரியும். 300 மணி நேரம் உழைத்துவிட்டுத்தான் பேட்டரி படுத்திருக்கிறது.

இதை நான் புத்தகம் பார்த்துக் கற்கவில்லை. அந்தமானில் ஹேவ்லாக் தீவில் ஒரு முறை, வந்த இரண்டாம் நாளே, 18 மீட்டர் ஆழத்தில் என் கையிலிருந்த கம்ப்யூட்டரில் அழுத்த எண் போய் வெறும் கோடுகள் வந்துவிட்டன. பக்கத்தில் ஹோஸில் தொங்கிய சாதா பிரஷர் கேஜ் இருந்ததால் பதறவில்லை. அதில் 110 பார் காட்டியது. கூட வந்தவருக்குக் கையால் சைகை காட்டி, கேஜைப் பார்த்தே மீதி டைவை முடித்தேன். மேலே வந்து யோசித்தபோதுதான் முந்தைய பயணத்தில் நான்கு ராத்திரி இதேபோல மூடிவிட்டு, பர்ஜ் பண்ணாமல் விட்டது நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம். வால்வை மூடியதும் பர்ஜ் பட்டனை, காற்று சத்தம் முழுக்க அடங்கும் வரை அழுத்துவேன். பிறகு இரண்டு மூன்று நிமிடம் கழித்துக் கம்ப்யூட்டரைப் பார்ப்பேன். எண் போய்க் கோடு வந்திருந்தால் டிரான்ஸ்மிட்டர் தூங்கிவிட்டது. எண் இன்னும் வந்துகொண்டிருந்தால் எங்கோ அழுத்தம் நிற்கிறது என்று அர்த்தம். இதைவிட எளிய சோதனை கிடையாது.

ராத்திரி பூட்டி வைப்பதையே விடச் சொல்லவில்லை. பூட்டுங்கள், திறந்து பாருங்கள், மூச்சு இழுத்துப் பாருங்கள், அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மூடுங்கள், பர்ஜ் பண்ணுங்கள். காலையில் மறுபடி திறக்க ஐந்து விநாடி ஆகுமா? படகுப் பையன்கள் டேங்க் மாற்றும்போதும் இதே கதைதான். முதல் டைவ் முடிந்து அவர்கள் புது டேங்கில் உங்கள் கியரைப் பூட்டித் திறந்து சரிபார்த்து வைத்துவிடுவார்கள். நல்ல எண்ணத்தில் செய்கிற வேலை. "அண்ணே, செக் பண்ணிட்டு மூடி, பர்ஜ் பண்ணிருங்க" என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும், செய்வார்கள். சில நிறுவனங்களின் டிரான்ஸ்மிட்டர்கள் அழுத்தம் சில நிமிடம் அசையாமல் இருந்தால் தாமே சிக்கன நிலைக்குப் போய்விடும். உங்களுடையது அப்படியா என்பதைக் கையேட்டில் பாருங்கள். அப்படியே இருந்தாலும் அதை நம்பி விடாதீர்கள்.

ஏன் இந்தச் சின்னக் குப்பிக்கு இவ்வளவு மின்சாரம் என்று கேட்கலாம். கடல் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். நம் போனிலிருக்கிற புளூடூத் அலை அதில் சில சென்டிமீட்டருக்குள் செத்துவிடும். அதனால் இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை மிகக் குறைந்த அதிர்வெண்ணில் பேசுகின்றன. 38 கிலோஹெர்ட்ஸ் பரவலாகப் புழங்குவது. ஒரு கம்பிச் சுருளில் மின்சாரத்தை உதைத்து, அந்தக் காந்தப்புலத்தைக் கையிலிருக்கும் கம்ப்யூட்டர் பிடிக்கிறது. எட்டுவதோ ஒன்று, ஒன்றரை மீட்டர். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை அனுப்பினால் மணிக்கு 720 தடவை. 13 மணி நேர ராத்திரியில் 9,000 தடவைக்கு மேல், கேட்க ஆளே இல்லாமல், வராந்தாவிலிருந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறது. பரவலாகப் போடப்படும் சிஆர்2 பேட்டரியின் கொள்ளளவு சுமார் 850 மில்லிஆம்பியர்-மணி. 300 மணியால் வகுத்தால் சராசரியாக 2.8 மில்லிஆம்பியர். கைக்கடிகாரம் இழுப்பது மைக்ரோஆம்பியர் கணக்கில். கடிகார பேட்டரி போல இதுவும் வருஷக்கணக்கில் வரும் என்று எதிர்பார்ப்பதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது.

அழுத்தம் இல்லாமல் பெட்டியில் கிடக்கும்போது மட்டும் இது உண்மையிலேயே கடிகாரம் மாதிரி. அதற்குக் காரணம் பேட்டரியின் உள்ளே நடக்கும் வேதியியல். பேட்டரி ஆராய்ச்சி நம் காரைக்குடிக்குப் புதிதல்ல. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்ததுதான் சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். மின்வேதியியலுக்கென்றே ஒரு ஆய்வகம் நம் ஊரில் இருப்பது எனக்கு இன்றைக்கும் பெருமைதான். விஷயத்துக்கு வருகிறேன். சிஆர் என்று தொடங்கும் பேட்டரிகளில் ஒரு பக்கம் லித்தியம் உலோகம், மறுபக்கம் மாங்கனீசு டை ஆக்சைடு. லித்தியத்தின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்து, வீணாகக் கரைவதைத் தடுக்கிறது. சாதாரண அறை வெப்பத்தில் வருஷத்துக்கு ஒரு சதவீதம் போலத்தான் தானே குறையும். வெப்பம் ஏற ஏறத்தான் இழப்பு வேகம் பிடிக்கும். பத்து டிகிரி கூடினால் வேதிவினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுக் கணக்கு.

ஆகவே நம் ஊர் சித்திரை வெயிலில் காரை மூடிப் போட்டு, டிக்கியில் ரெகுலேட்டர் பையை விட்டு வைக்காதீர்கள். மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும். பேட்டரிக்கு மட்டுமல்ல, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கும் அது எமன். பழைய வீடு இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எங்கள் ஆயா வீட்டில் வளவை ஒட்டிய உள் அறை, சுவர் இரண்டு அடிக்கு மேல் தடிமன், கீழே ஆத்தங்குடிக் கல். மே மாதம் நடுமத்தியானத்தில் கால் வைத்தால் சில்லென்று இருக்கும். என் ரெகுலேட்டர் பையும் உபரி பேட்டரிகளும் அங்கேதான் இருக்கின்றன. ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும். அந்த ஈரம் செய்யும் கேடு, குளிர் தரும் லாபத்தைவிடப் பெரிது.

கடல் வெப்பம்? நம் பக்கம், அந்தமான், ராமேஸ்வரம் எங்கே இறங்கினாலும் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி. குளிர்நாட்டுக்காரர்கள் பேட்டரி குளிரில் சோர்கிறது என்று எழுதுவதைப் படித்து நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

பேட்டரி வாங்குவதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கடையில் "சிஆர்2 கொடுங்க" என்றால் பத்துக்கு ஒன்பது கடையில் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரியை எடுத்து நீட்டுவார்கள். உங்களுக்கு வேண்டியது குட்டி உருளை. 15.6 மில்லிமீட்டர் விட்டம், 27 மில்லிமீட்டர் நீளம். போட்டோ ஸ்டுடியோவில் கேட்டுப் பாருங்கள். பழைய ஃபிலிம் கேமராக்களிலும் சில இன்ஸ்டாக்ஸ் மாடல்களிலும் இதுதான் ஓடியது, பலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். ஆனால் தேதியைப் பாருங்கள், வருஷக்கணக்கில் ஷோகேஸில் வெயில்பட்டுக் கிடந்ததாகவும் இருக்கலாம். சில டிரான்ஸ்மிட்டர்களுக்கு இதைவிடப் பெரிய சிஆர்123ஏ வேண்டும், சிலவற்றுக்கு அரை ஏஏ அளவு. மூடியில் அல்லது கையேட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து பார்த்து வாங்குங்கள்.

இங்கே இரண்டு தவறுகளைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று, அதே அளவில் ரீசார்ஜ் செய்கிற லித்தியம்-அயான் பேட்டரி வருகிறது. "சார்ஜ் போட்டுப் போட்டு ஓட்டலாமே" என்று தோன்றும். சிஆர்2 கொடுப்பது 3 வோல்ட். லித்தியம்-அயான் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். உள்ளே இருக்கும் சர்க்யூட் அதற்கென்று செய்யப்பட்டதல்ல. பேட்டரிக்கு மிச்சம் பிடித்து, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள டிரான்ஸ்மிட்டரைத் தொலைக்க வேண்டாம். இரண்டு, அரை ஏஏ அளவில் 3 வோல்ட் பேட்டரியும் உண்டு, தொழிற்சாலைக் கருவிகளிலும் மீட்டர்களிலும் போடும் 3.6 வோல்ட் தயோனில் குளோரைடு வகையும் உண்டு. கண்ணால் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பின்னது சின்ன மின்னோட்டத்தை வருஷக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கப் பிறந்தது. டிரான்ஸ்மிட்டர் மாதிரி விட்டுவிட்டு உதைத்து இழுக்கிற வேலைக்கு முதல் நொடியில் சுணங்கும்.

மீதி எவ்வளவு இருக்கிறது என்று வோல்ட் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், அரைகுறையாகத்தான். இந்த வகை பேட்டரி கடைசி வரை ஒரே மட்டத்தில் நின்று, முடிகிற சமயத்தில் சடாரென்று சரியும். கார் பெட்ரோல் முள் மாதிரி மெல்ல இறங்காது. புதுசு மல்டிமீட்டரில் 3.2, 3.3 வோல்ட் காட்டும். சும்மா வைத்து அளக்கும்போதே 3-க்குக் கீழ் வந்துவிட்டால் கதை முடியப் போகிறது. கம்ப்யூட்டர் கொடுக்கும் "பேட்டரி குறைவு" எச்சரிக்கையும் இந்தச் சரிவின் உச்சியில்தான் வரும். அதனால் எச்சரிக்கை வந்த பிறகு "இன்னும் இரண்டு டைவ் பார்க்கலாம்" என்று நினைப்பது சரியல்ல. அன்று மாலையே மாற்றிவிடுங்கள். என் வழக்கம் இன்னும் எளிது: பெரிய பயணத்துக்கு முன், பழையதில் பாதி வாழ்வு இருந்தாலும் புதுசு போட்டுவிடுவேன். கழற்றியதை வீட்டு டார்ச்சுக்கு வைத்துக்கொள்வேன்.

மாற்றும் முறையைப் பற்றி ஒரு காட்சி சொல்கிறேன். போன மாதம் ஒரு பையன் டிரான்ஸ்மிட்டரைக் கொண்டுவந்தான். "புது பேட்டரி போட்டும் வேலை செய்யலை அண்ணே." திண்ணையில் வெள்ளைத் துண்டை விரித்து, ஐந்து ரூபாய் நாணயத்தால் மூடியைத் திருகித் திறந்தேன். உள்ளே ஸ்பிரிங்கில் பாசி நிறம். ஓ-ரிங்கை விரலில் சுற்றி வெளிச்சத்தில் பார்த்தால், ஓரத்தில் ஒரே ஒரு மணல். கடுகில் கால்வாசி கூட இல்லை. அந்த மணல் விட்ட வழியில் இரண்டு டைவில் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிட்டது. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை ஒற்றி, மின்விசிறிக் காற்றில் காயவிட்டுப் போட்டதும் உயிர் வந்தது. எல்லாம் அப்படித் தப்பிக்காது.

ஆகவே திறப்பதற்கு முன் கருவி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். கடற்கரையிலோ படகிலோ திறக்கக் கூடாது. ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு புது ஓ-ரிங். சிலிகான் கிரீஸ் விரல் நுனியில் பளபளக்கும் அளவுக்கு மட்டும். பூசிக் குழைத்தால் அதுவே மணலைப் பிடித்து வைக்கும். வீட்டில் கைக்குக் கிடைக்கிற தேங்காய் எண்ணெய், வாசலின் எதுவும் ஆகாது. மூடியைத் திருகும்போது கோணலாக ஏறினால் நிறுத்திப் பின்னுக்குத் திருப்பி மறுபடி தொடங்குங்கள். டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசுவது எல்லோருக்கும் தெரியும். நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு, காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். முற்றத்து அண்டாவில் பிடித்த மழைத் தண்ணீர் இருந்தால் கடைசி அலசலை அதில் செய்யுங்கள். டிரான்ஸ்மிட்டரைப் பிடித்து டேங்கைத் தூக்குவதும், பிளாஸ்டிக் உடம்பைப் பிடித்துத் திருகிக் கழற்றுவதும் கூடவே கூடாது. அடியில் இருக்கும் உலோக அறுகோணத்தில் ஸ்பேனர் போட வேண்டும்.

எண் காணாமல் போகிற ஒவ்வொரு தடவையும் பேட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள். டிரான்ஸ்மிட்டர் வலப்பக்கம், கம்ப்யூட்டர் இடக்கையில் நீட்டிய நிலையில் இருந்தால் ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடும். கேமரா ஃபிளாஷ் சார்ஜ் ஏறும் சில விநாடிகளில் சிக்னல் அடிபடும். நீருக்குள் ஓட்டும் ஸ்கூட்டரின் மோட்டாரும் அப்படியே. கையை மடக்கிக் கொண்டுவந்ததும் எண் திரும்பினால் பேட்டரி நலம். நேரம் போகப் போக விட்டுவிட்டு வருவது கூடிக்கொண்டே போனால் பேட்டரியைச் சந்தேகப்படலாம்.

விமானத்தில் போகும்போது உபரி லித்தியம் பேட்டரிகளை லக்கேஜில் போடக் கூடாது, கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். இரண்டு முனையும் ஒன்றோடொன்று உரசாமல் டேப் ஒட்டிவிடுங்கள். மதுரையிலோ திருச்சியிலோ ஸ்கேனரில் நிறுத்திக் கேட்டால் கடை அட்டையோடு காட்டினால் எளிதாக முடியும்.

இன்னொன்று. டிரான்ஸ்மிட்டர் வாங்கியதும் பலர் சாதா கேஜைக் கழற்றிவிடுகிறார்கள், ஹோஸ் குறைந்தால் அழகு என்று. பெரும்பாலான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இரண்டு ஹை பிரஷர் போர்ட் உண்டு. இரண்டாவதில் கேஜ் இருக்கட்டும். அன்றைக்கு 18 மீட்டரில் எனக்கு 110 என்று காட்டியது அதுதான்.

உங்கள் பழைய பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிடவில்லை என்றால் மல்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். 2.9-க்குக் கீழ் இருந்தால் மேலே போட்ட கணக்குதான் காரணம், புது பேட்டரி போட்டு, பர்ஜ் பண்ணும் பழக்கத்தோடு தைரியமாக இறங்கலாம். 3.1-க்கு மேல் காட்டினால் பேட்டரி தீரவே இல்லை, ஸ்பிரிங்கிலோ மூடியிலோ கோளாறு. அப்படியானால் புதுசு எதுவும் போடாமல், மூடியைத் திறந்தபடியே கொண்டுவாருங்கள். நம் ஊர் கல்லுக்கட்டிப் பக்கம்தான் இருக்கிறேன்.